தொடர்மாடியில் மிளகாய் நாற்று

வணக்கம் நேயர்களே. கொழும்பில் வீட்டுத்தோட்டம் என்ற தலைப்பில் வானொலியில் பேச அழைத்திருக்கிறார்கள். தலைப்பு பெரிது, தந்திருக்கும் நேரம் சிறிது. அதனால் முதல் நான்கைந்து வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விதை முளைத்ததிலிருந்து கன்றைச் சாடிக்கு மாற்றும் வரை. அதுவும் மிளகாய் நாற்று. அதுவும் கையளவு மண் இல்லாத தொடர்மாடி வீட்டுக்குள்ளே.

விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்று வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் சரி, "எனக்குக் கைராசி இல்லை, எதை வைத்தாலும் பட்டுப்போகிறது" என்று சொல்பவர்களை நான் சும்மா விடுவதில்லை. எந்த வயதில் பட்டுப்போனது என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: இரண்டு இலை, நான்கு இலை விட்ட வயதில். அடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை தரம் தண்ணீர் விட்டீர்கள் என்று கேட்பேன். அந்தக் கேள்விக்கு மிகப் பெருமையாகப் பதில் சொல்வார்கள்!

2022ஆம் ஆண்டு நினைவிருக்கும். அரசாங்க ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்த ஆண்டு. கொழும்பில் பல்கனிக்குப் பல்கனி பழைய வாளியும் உரப்பையும் வந்து குந்தின. அவற்றில் பல இப்போது உடுப்புக் கொடிக்குக் கீழே வெறுமையாகக் கிடக்கின்றன. அந்த வாளிகளை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

முதலில் எதில் போடுவது? யோகட் கப் போதும். ஆணியைச் சூடாக்கி அடியில் நான்கு ஓட்டை போடுங்கள். உள்ளே தும்புத்தூள். கட்டியாக அழுத்தி விற்கிறார்களே, அதை வாளித் தண்ணீரில் ஊறவிட்டால் பொங்கி நிறையும். ஆனால் அப்படியே அள்ளிப் போடாதீர்கள். தேங்காய் மட்டையை உவர்த் தண்ணீரில் ஊறப்போட்டு அடித்த தும்பாக இருந்தால் தூளிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து எடுங்கள். மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு சலித்த கூட்டெரு. அரைச் சென்டிமீற்றர் ஆழத்தில் கோப்பைக்கு இரண்டு விதை. விதைக்கு எங்கே போவது என்றால், எம்.ஐ. 2 போன்ற விவசாயத் திணைக்கள மிளகாய் வர்க்கங்கள் இருக்கின்றன. வீட்டில் பழுத்த மிளகாயிலிருந்தும் எடுக்கலாம். மிளகாய் முளைக்க ஒரு வாரம், பத்து நாள் எடுக்கும். அதற்குள் கிண்டிப் பார்க்காதீர்கள்.

சரி, முளைத்துவிட்டது. இப்போது தண்ணீர்.

நாற்றழுகல் என்று ஒரு நோய். பித்தியம், ரைசொக்டோனியா என்று மண்ணில் வாழும் பூஞ்சணமும் பூஞ்சணம் போன்ற உயிரிகளும் இதற்குக் காரணம். ஈரம் விடாமல் நிற்கும் இடத்தில் இவற்றுக்குக் கொண்டாட்டம். இரவு நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் சரிந்து கிடக்கும். இலையைப் பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கும், வாடவே இல்லை. குனிந்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அந்த ஒரு இடம் மட்டும் மண்ணிறமாகி, நூலாக மெலிந்து, கிள்ளிவிட்டதுபோல் இருக்கும். சரிந்த நாற்றைக் கண்டதும் ஐயோ பாவம் என்று நாம் என்ன செய்கிறோம்? இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறோம். பக்கத்துக் கோப்பையும் மறுநாள் போய்விடுகிறது. விழுந்த நாற்று திரும்ப எழும்பாது. அந்தக் கோப்பையை அப்புறப்படுத்துங்கள், மற்றவற்றைக் காயவிடுங்கள், காற்று படவிடுங்கள்.

அப்படியானால் எப்போது ஊற்றுவது? கோப்பையைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் விட்டவுடன் ஒரு பாரம் இருக்கும், காய்ந்ததும் ஒரு பாரம் இருக்கும். இரண்டு நாளில் கைக்கு அது பழகிவிடும். இலேசானதும் ஊற்றுங்கள். மேல்தூள் மட்டும் காய்ந்து நிறம் மாறியதைப் பார்த்து ஏமாறாதீர்கள், கீழே ஈரம் இருக்கும். கொழும்புக் காற்றிலேயே எவ்வளவு ஈரம் என்று உங்களுக்குத் தெரியாதா? மழை நாளில் கொடியில் போட்ட உடுப்பு காய்கிறதா? கோப்பையும் அப்படித்தான் காயாது.

கோப்பைக்குக் கீழே வைக்கும் தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் தேங்கும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். வேருக்கும் அது கூடாது, நமக்கும் கூடாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் முதலில் பூச்சாடித் தட்டைத்தான் எட்டிப் பார்ப்பார்.

இப்போது வெளிச்சம். இதற்கு எங்கள் தொடர்மாடியில் நடந்த ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் மாடியில் இளம் தம்பதி. தம்பிக்குக் கணினி வேலை. எதையும் வீடியோ பார்த்து முறைப்படி செய்கிற பிள்ளை. வீட்டுக்குள் விளக்கு வைத்து நாற்று வளர்ப்பது எப்படி என்று தேடியிருக்கிறார். அந்த வகை வீடியோக்களில் பல எந்தச் செடிக்காகச் செய்யப்பட்டவை என்று பெரியவர்களுக்கு விளங்கும். கனடாவில் 2018இல் சட்டம் மாறி, பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டில் நான்கு கஞ்சாச் செடி வரை வளர்க்கலாம் என்றானது. அங்கே பனி, குளிர். ஆகவே அறைக்குள் வளர்க்கிறார்கள், படம் எடுத்துப் போடுகிறார்கள். நம்முடைய நாட்டில் அந்தச் செடியை வீட்டில் வளர்ப்பது குற்றம், 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது. தம்பிக்கு வேண்டியது மிளகாய்தான். ஆனால் அந்த வீடியோக்களில் சொன்ன சாமான் அத்தனையும் வாங்கிவிட்டார். கோப்பைகளை மூட ஒரு பிளாஸ்டிக் மூடி. அடியில் விரிக்கச் சூடாக்கும் பாய். கொழும்பில்! மிளகாய் முளைக்க 25 முதல் 30 பாகை வரை வெப்பம் வேண்டும். நம்முடைய சமையலறையே அந்தச் சூட்டில்தானே இருக்கிறது? அப்புறம் ஊதாவும் இளஞ்சிவப்புமாய் ஒளிரும் ஒரு விளக்கு.

இரவு பத்து மணிக்கும் ஐந்தாம் மாடி யன்னல் திரைக்குப் பின்னால் ஊதா வெளிச்சம். இரண்டு நாள் பார்த்த செக்கியூரிட்டி, தொடர்மாடி நிர்வாகக் குழுத் தலைவரிடம் சொல்லியிருக்கிறார். தலைவர் ஓய்வு பெற்ற வங்கிக்காரர், பத்திரிகையில் ஒரு வரி விடாமல் வாசிப்பவர். இருவரும் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள். எனக்குத் தொலைபேசி வந்தது.

"அன்ரி, ஒருக்கா மேலே வாங்கோ. இது மிளகாய்க் கண்டுதான் எண்டு இவைக்குச் சொல்லுங்கோ."

போனேன். எல்லாம் வித்திலை வயது நாற்று, அதாவது விதையிலிருந்து முதலில் வரும் இரண்டு இலை மட்டும் விட்ட நாற்று. மிளகாயின் வித்திலை ஒடுங்கி, நுனி கூராக இருக்கும். எனக்குப் பார்த்த உடனேயே தெரிந்தது. தலைவருக்குத் தெரியவில்லை. அவருடைய கண்ணுக்கு இரண்டு இலை விட்ட செடியெல்லாம் ஒன்றுதான். "சரி ஐயா, ஒரு வாரம் பொறுங்கள். அடுத்த இலை வரட்டும். கஞ்சாவின் இலை ஓரம் வாள்ப்பல்போல இருக்கும், மிளகாய் இலை ஓரம் வழுவழுப்பாக இருக்கும்" என்றேன். அவரும் விடவில்லை. நாள் தவறாமல் மாலை நடைப்பயிற்சியை ஐந்தாம் மாடியில் முடித்தார். தம்பியின் மனைவி தேநீர் கொடுத்தே களைத்துப்போனார். கடைசியில் வழுவழுப்பான ஓரத்தோடு இலை வந்தது. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார். பிறகு, "எனக்கும் ஒரு கண்டு தருவீங்களா தம்பி?" என்று கேட்டார்.

சிரிப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த நாற்றுகளின் நிலைமை நல்லதாக இல்லை. விளக்கை மேலே முகட்டில் கட்டியிருந்தார், கோப்பைகள் கீழே தரையில். நாற்றெல்லாம் விரல் நீளத்துக்கு வெளிறி நீண்டு, சாயத் தொடங்கியிருந்தது. வெளிச்சம் போதாத நாற்று தண்டைத்தான் நீட்டும். மேலே போனால் வெளிச்சம் கிடைக்கும் என்பது அதன் கணக்கு. காட்டில் அந்தக் கணக்கு சரி, அறைக்குள் சரிவராது.

யன்னலருகே வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். நம்முடைய கண் நம்மை ஏமாற்றும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வெளிச்சமான அறை என்று நாம் சொல்லும் இடத்தில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும், வெளியே உச்சி வெயிலில் ஒரு இலட்சம். யன்னலோரத்து நாற்று ஒரு பக்கமாக வளைவது அதனால்தான். சார்ல்ஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிஸும் புல் நாற்றுகளின் நுனிக்குச் சின்னத் தொப்பி போட்டுப் பார்த்தார்கள். தொப்பி போட்ட நாற்று வெளிச்சத்தின் பக்கம் வளையவில்லை. நுனி உணர்கிறது, வளைவது கீழே இருக்கும் பகுதி என்று 1880இல் எழுதினார்கள். நுனியிலிருந்து கீழே போகும் அந்தப் பொருளுக்குத்தான் பின்னாளில் ஒக்சின் என்று பெயர் வந்தது. நிழல் பக்கத்தில் அது கூடுதலாகச் சேர்கிறது, அந்தப் பக்கம் நீள்கிறது, செடி மறுபக்கம் சாய்கிறது.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். ஊதா விளக்கைக் கழற்றுங்கள். இலை சிவப்பையும் நீலத்தையும் நன்றாக உறிஞ்சும் என்பது உண்மை, அதனால்தான் அந்த நிறத்தில் விளக்குச் செய்கிறார்கள். ஆனால் வெள்ளை வெளிச்சத்தில் இரண்டும் இருக்கின்றன. ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, புள்ளி விழுகிறதா என்று நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஹார்ட்வெயார் கடையில் விற்கும் சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. டியூப், நான்கடி, 20 வொட். அதை நாற்றின் தலைக்கு மேலே ஒரு சாண், அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே கட்டுங்கள். நாற்று வளர வளர உயர்த்துங்கள். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரிந்தாலும் 0.28 யூனிட். மாதத்துக்கு எட்டரை யூனிட்டுக்குள். இரவில் அணைத்துவிடுங்கள், செக்கியூரிட்டியும் நிம்மதியாக இருப்பார்.

மூடியையும் எடுக்கச் சொன்னேன். முளைக்கும் வரை மூடி இருக்கலாம், முளை தலைகாட்டியதும் மூடி போக வேண்டும். குளிர்நாட்டில் ஹீட்டர் போட்ட அறையில் காற்று உலர்ந்துவிடும், அதற்காக அங்கே மூடுகிறார்கள். இங்கே மூடினால் உள்ளே வியர்க்கும். வியர்த்தால் நாற்றழுகல். மறுபடியும் சொல்கிறேன், நம்முடைய ஊரில் ஈரம் தானாகவே இருக்கிறது. நாம் கொடுக்க வேண்டியது வெளிச்சமும் காற்றும்.

காற்று என்றதும் ஒரு சின்ன விஷயம். மின்விசிறியைக் குறைந்த வேகத்தில், சற்றுத் தள்ளி வையுங்கள். இலை இலேசாக ஆடினால் போதும். அசைக்கப்பட்ட தண்டு கட்டையாகவும் தடிப்பாகவும் வளரும். விசிறி இல்லாவிட்டால் காலையில் ஒரு தரம் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையைத் தடவிவிடுங்கள். கடற்காற்றே இருக்கிறதே என்று கடற்கரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பல்கனிக்குக் கொண்டுபோக வேண்டாம். பல்கனிக் கம்பியைக் காலையில் தொட்டால் பிசுபிசுக்கிறது அல்லவா? அந்த உப்பு இளம் இலையிலும் படியும், ஓரம் கருகும்.

பசளை. வித்திலை என்பது தாய்ச்செடி கட்டிக்கொடுத்துவிட்ட சோற்றுப் பார்சல். அது தீரும் வரை வேறு சாப்பாடு வேண்டாம். வித்திலைக்கு அடுத்து வரும் உண்மை இலை இரண்டு சோடி வந்த பிறகு, தண்ணீரில் கரைத்து விடும் அல்பர்ட் கரைசல் என்ற பசளையைப் பைக்கற்றில் போட்டிருக்கும் அளவில் பாதி கலந்து, வாரத்துக்கு ஒரு தரம் கொடுங்கள். கைநிறைய யூரியா போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நேரம் போய்விடும்.

கோப்பைக்கு இரண்டு முளைத்திருந்தால் பலவீனமானதைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும். மனம் வராதுதான், வெட்டுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். சாடிக்கு மாற்றுவதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். நான்கைந்து வாரத்தில், ஆறு இலை விட்டதும் மாற்றலாம். அதற்கு முந்திய ஒரு வாரம் வெயிலுக்குப் பழக்குங்கள். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நேராகக் கொண்டுபோய்ப் பின்னேர வெயிலில் வைத்தால் இலை வெள்ளையாக வெந்துவிடும், மேற்குப் பார்த்த பல்கனிக்காரர்கள் முக்கியமாகக் கேளுங்கள். மாற்றுவது மாலையில். சாடி பன்னிரண்டு அங்குலம், சாடிக்கு ஒரு கன்று. கடற்காற்று வரும் பக்கத்தில் ஒரு சாக்குத் தடுப்புக் கட்டுங்கள்.

இலைச் சுருளைப் பற்றிப் பேச நேரமில்லை. பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும்தான் அநேகமாகக் காரணம். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மருந்து வாங்க ஓடுவதற்கு முதல் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு ஒரு தரம் அழைத்துக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.