ஊர் சுற்றியவனும் வீட்டோடு இருந்தவனும்: புதைபடிவங்கள் சொல்லும் இரண்டு சாட்சியங்கள்

வணக்கம் நண்பர்களே. பாறையின் வயதையும், கண்டங்கள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்ததையும் புதைபடிவங்கள் எப்படிச் சொல்கின்றன என்று இன்று பார்க்கலாம். நான் நிற்பது பெரம்பலூர் மாவட்டம் காரை. மழைநீர் அறுத்து அறுத்து உருவான களிமண் பள்ளங்கள்தான் சுற்றிலும். வெயிலில் மினுங்குவது ஜிப்சம் என்ற கனிமம். கேமராவைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன், பாருங்கள். விரல் கனத்தில், பழுப்பு நிறத்தில், ஒரு முனை மட்டும் கூராக ஒன்று கிடக்கிறதே, அது பெலம்னைட். கணவாய்க்கு உறவான ஒரு கடல் உயிரியின் உடலுக்குள் இருந்த கெட்டியான பாகம். ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் கடலுக்கு அடியில் இருந்தது.

எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள ஆசையாக இருக்கும். தயவுசெய்து வேண்டாம். எந்த அடுக்கில் இருந்தது என்ற தகவல் போய்விட்டால், மிஞ்சுவது ஒரு கல் மட்டும்தான்.

சரி, இந்த அடுக்கின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்? அதற்கு அம்மோனைட் வேண்டும். அதுவும் கணவாய்க்கு உறவான, அழிந்துபோன ஒரு கடல் உயிரிதான். அரியலூர் பக்கம் வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போனால் நிதானமாகப் பார்க்கலாம். சுருள் ஓடு. அதன் மேல் மடிந்து மடிந்து ஓடும் மெல்லிய கோடுகள். உள்ளே இருக்கும் அறைச் சுவர்கள் ஓட்டைத் தொடும் இடம் அது. அந்தக் கோட்டின் மடிப்பு, ஓட்டின் விலா, முடிச்சு, இவற்றை வைத்து எந்த இனம் என்று பிரித்துவிடுவார்கள். இந்தப் பகுதியில் கிடைக்கும் மார்ட்டோனிசெரஸ் என்ற அம்மோனைட், இங்கிலாந்திலும் டெக்சாஸிலும் அங்கோலாவிலும் மடகாஸ்கரிலும் கிடைக்கிறது. அங்கே பாறை வேறு, நிறம் வேறு, மணல் வேறு. ஆனால் காலம் ஒன்று.

ஒரு வாரம் மட்டுமே ஓடிய படத்தின் சுவரொட்டி மதுரைச் சுவரிலும் சேலத்துச் சுவரிலும் இருந்தால், இரண்டையும் ஒட்டியது ஒரே வாரத்தில்தான் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அம்மோனைட் அப்படிப்பட்டது. கடலில் நெடுந்தூரம் பரவியது. ஒவ்வொரு இனமும் சீக்கிரமே அழிந்து அடுத்ததற்கு இடம் விட்டது. பாறைக்குள் புதைபடிவங்களின் வரிசை மாறுவதில்லை என்பதை இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் இடங்களில் அளவெடுத்துக்கொண்டிருந்த வில்லியம் ஸ்மித் கவனித்தார். 1815-ல் நிலவியல் வரைபடமே போட்டார். 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர், புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களிலிருந்து வந்த புதைபடிவங்களை இங்கிலாந்தில் இருந்துகொண்டே ஆராய்ந்து, ஐரோப்பாவின் கிரெட்டேசியஸ் காலத்தோடு (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டம்) பொருத்தினார். பாறையின் வயதை அளக்க இன்று உதவும் கதிரியக்கம் என்ற ஒன்றையே அப்போது யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. எனக்கு இது இன்றும் பிரமிப்பு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதே அம்மோனைட்டைக் காட்டி, "அங்கும் இங்கும் இருக்கிறது, அதனால் கண்டங்கள் ஒட்டியிருந்தன" என்று வாதாட முடியாது. அது கடலில் வாழ்ந்தது, எங்கும் போயிருக்கும். காலத்தைச் சொல்ல ஊர் சுற்றி வேண்டும். கண்டங்கள் ஒட்டியிருந்தன என்று சொல்ல, கடலைத் தாண்டவே முடியாத உயிர் வேண்டும். பல இடங்களில் இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

கடல் தாண்டாத சாட்சி என்றால் முதலில் குளோசாப்டெரிஸ் என்ற, அழிந்துபோன மரம். நாக்கு வடிவ இலை, தடித்த நடு நரம்பு, இருபுறமும் வலைப்பின்னலாக நரம்புகள். காற்றில் பெருங்கடலைத் தாண்டிப் பறக்கக்கூடிய விதை இல்லை அதற்கு. இந்தியா, தென்னாப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என எல்லா இடங்களிலும் நிலக்கரிப் படுகைகளில் கிடைக்கிறது. ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து எண்ணூருக்குக் கப்பலில் வரும் நிலக்கரி இருக்கிறதே, அது குளோசாப்டெரிஸ் வளர்ந்த காட்டின் மிச்சம்தான். தால்ச்சேரில் நிலக்கரிக்கு அடியில் பனியாறு விட்டுச்சென்ற கற்படிவு. தென்னாப்பிரிக்காவிலும் அதே வரிசை: கீழே பனியாற்றுப் படிவு, மேலே குளோசாப்டெரிஸ் நிலக்கரி. இலை மட்டும் பொருந்தவில்லை, அடுக்கின் ஒழுங்கே பொருந்துகிறது.

அன்டார்க்டிகாவிலும் இந்த இலை உண்டு. 1912 பிப்ரவரியில் தென் துருவத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் பயணி ஸ்காட்டின் குழு, பியர்ட்மோர் பனியாற்றுக்குப் பக்கத்தில் நின்று கற்களைச் சேகரித்தது. உணவு குறைந்து, உடல் தளர்ந்த நிலையிலும் அவற்றைத் தூக்கிப் போடவில்லை. நவம்பரில் தேடிப்போனவர்கள் கூடாரத்தில் உடல்களைக் கண்டபோது, பக்கத்தில் சுமார் 16 கிலோ கற்கள் இருந்தன. அவற்றில் குளோசாப்டெரிஸ் இலைகள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

அப்புறம் லிஸ்ட்ரோசாரஸ். பன்றி அளவு, குட்டைக் கால்கள், இரண்டு தந்தங்கள், ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் தரையில் வாழ்ந்த தாவர உண்ணி. தென்னாப்பிரிக்காவிலும் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பகுதியிலும் கிடைத்திருந்தது. 1969-ல் எட்வின் கோல்பர்ட் என்ற அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் இருந்த குழு அன்டார்க்டிகாவின் கோல்சாக் பிளஃப் என்ற இடத்தில் அதைக் கண்டெடுத்தது. இந்த விலங்கு தென் பெருங்கடலை நீந்திக் கடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆல்ஃபிரட் வெகனர் என்ற ஜெர்மன் அறிவியலாளர் 1912-லேயே கண்டப்பெயர்ச்சியை, அதாவது ஒட்டியிருந்த கண்டங்கள் நகர்ந்து பிரிந்தன என்பதை, சொல்லிவிட்டார். எதிர்த்தவர்கள், கண்டங்களுக்கு நடுவே நிலப்பாலம் இருந்து மூழ்கிவிட்டது என்றார்கள். அவர் பதில் எளிமையானது: கண்டப் பாறை எடை குறைந்தது, அடியில் இருக்கும் அடர்ந்த பாறைக்குள் அது மூழ்காது. கண்டங்களை நகர்த்துவது எது என்பதற்குத்தான் அவரிடம் சரியான விடை இல்லை. 1960-களில் கடல்தரை விரிவது தெரிந்தபிறகு அந்தக் குறையும் தீர்ந்தது.

லெமூரியா என்னாச்சு என்று நீங்கள் கேட்பீர்கள். 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அந்த ஊகத்தை வைத்தது, குரங்குக்கு உறவான லெமூர்களுக்காக. மடகாஸ்கரில் லெமூர், அதற்கு உறவான தேவாங்கு நம் ஊரில், நடுவே கடல். அதனால் மூழ்கிய கண்டம் என்றார். ஆனால் லெமூர் இதற்கு நல்ல சாட்சி இல்லை. மடகாஸ்கர் தனித்தீவான பிறகுதான் அதன் முன்னோர் அங்கே போனார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மிதக்கும் மரம், செடிகளைப் பற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். லிஸ்ட்ரோசாரஸுக்கு அந்த வசதி கிடையாது. இன்னொன்று, கண்டம் ஒன்று மூழ்கியிருந்தால் கடலடியில் கிரானைட் போன்ற கண்டப் பாறை இருக்க வேண்டும். ஆனால் இந்தியப் பெருங்கடலின் தரையில் பெரும்பகுதி எரிமலைப் பாறையான பசால்ட். சேஷெல்ஸ் தீவுகளில் கிரானைட் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது மூழ்கிய கண்டத்தின் மிச்சம் இல்லை, இந்தியா வடக்கே நகர்ந்தபோது பின்தங்கிவிட்ட சிறு துண்டு.