ஜீப்புக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மேட்டுப்பாளையத்தில் 30 வருடமாக ஜீப் வேலை பார்த்து வருகிறேன். குன்னூர், கோத்தகிரி தோட்டங்களில் ஓடிய வண்டிகள் ஏதோ ஒரு நாள் என் பட்டறைக்கு இறங்கி வந்து நிற்கும். இப்போது சில வருடங்களாக இளைஞர்களும் வருகிறார்கள். பழைய ஜீப் ஒன்று வாங்கிப் புதுப்பித்து ஓட்ட வேண்டும் என்ற ஆசை. செல்போனில் படத்தைக் காட்டி, "அண்ணே, மூணு லட்சம் சொல்றாங்க, குடுக்கலாமா?" என்று கேட்பார்கள். படத்தில் பெயின்ட் பளபளக்கும். "அடியில படுத்துப் பாத்தியா தம்பி?" என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

எந்த ஜீப் என்பது தெரியாமல் விலை பேசக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்தன. அவற்றில் நாம் அதிகம் பார்க்கும் தகட்டு கிரில்லில், அதாவது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் தடுப்பில், 9 பிளவு இருக்கும். போருக்குப் பிறகு பொதுமக்களுக்காக வந்த வண்டிகளில் 7. மஹிந்திரா 1947-இல் இங்கே ஜீப்பைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்ட ஆரம்பித்தது. நம் மலைகளில் அதிகம் கிடைப்பது அதற்குப் பின் வந்த 3பி மாடல்தான். பானெட் உயரமாக இருக்கும். முந்தைய இன்ஜினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தன. 1953-இல் வந்த 3பி-யில் இன்லெட் வால்வுகளை மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்ஜின் உயர்ந்தது, அதை மூட பானெட்டும் உயர்ந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 9 பிளவு கிரில்லை வாங்கி மாட்டி 'மிலிட்டரி வண்டி' என்று விலை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். டேஷ்போர்டில் வண்டி விவரம் சொல்லும் தகடுகளும் புதிதாக அடித்துக் கிடைக்கின்றன. அதனால் அவற்றை நம்பாதீர்கள். குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே பாருங்கள். போர்க்கால வில்லிஸில் அங்கே குறுக்கே போவது உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்த 'ப' மாதிரி மடித்த சட்டம். ஃபோர்டு தன் போல்ட் தலைகளில்கூட 'எஃப்' எழுத்தைக் குத்தியிருக்கும்.

சரி, அடியில் படுத்தாயிற்று. ஒரு சின்ன சுத்தியலும் டார்ச்சும் போதும். வண்டி முழுவதையும் தாங்கும் அடிச்சட்டமான சேஸை ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்'கென்று கேட்கும். துரு தின்ற இடத்தில் சத்தம் 'டப்'பென்று அடங்கிவிடும். ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருக்கும் ஷாக்கிள் பக்கமும், பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டமும் மண்ணும் ஈரமும் தங்குகிற இடங்கள். அங்கே நிதானமாகத் தட்டுங்கள். அப்புறம் ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டிய இடம். கிரீஸை வழித்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், விரிசல் இருந்தால் முடி மாதிரி ஓடுவது தெரியும். தோட்டத்துக் குழி ரோடுகளின் அடி முழுக்க அந்த இடத்தில்தான் இறங்கும். அங்கே பழைய வெல்டிங் மேடு மேடாக இருந்தால், அந்த வண்டியின் பெயின்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பாடியைப் பார்க்க ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டுங்கள். பள்ளத்தை மறைக்கப் பட்டி கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காமல் வழுக்கும். ஆனாலும் பாடி போனால் நான் பயப்பட மாட்டேன். புதுத் தகட்டில் செய்துகொள்ளலாம். ஹரியானாவில் மண்டி டப்வாலி என்ற ஊரே ஜீப் கட்டுவதற்குப் பெயர் போனது. டிங்கரிங் தெரிந்தவர்கள் நம் ஊரிலும் உண்டு. சேஸ் அப்படியில்லை. ஆர்சியில் ஏறிய நம்பர் அதில்தான் இருக்கிறது.

அடுத்து நாலு சக்கரமும் இழுக்கிறதா என்பது. பெட்ரோல் செலவை மிச்சம் பிடிக்க முன் சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிப் போட்ட வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பின் சக்கரம் மட்டும் இழுக்கும்படியே கம்பெனியிலிருந்து வந்த மஹிந்திரா வண்டிகளும் உண்டு. லீவர் இருக்கிறது என்பதற்காக நம்பாதீர்கள், கீழே ஷாஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஷாஃப்ட், தான் உட்காரும் ஓட்டையை நாளடைவில் தேய்த்து முட்டை வடிவமாக்கிவிடும். அங்கிருந்து ஆயில் கசியும். ஹேண்ட் பிரேக் டிரம் அந்தப் பெட்டியின் பின்புறத்தில்தான் இருக்கிறது. பின்னால் கசிகிற ஆயிலில் அது நனைந்து பிடிக்காமல் போகும். ஹேண்ட் பிரேக் நிற்காத ஜீப்பில் முதலில் நான் கை வைத்துப் பார்ப்பது அங்கேதான்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆனால் விலையைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். அது தேவையில்லை. 3பி இன்ஜினுக்குச் சாமான் கிடைக்கிறது, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்ய கோயம்புத்தூர் லேத்துகள் இருக்கின்றன. வால்வு உட்காரும் சீட்டுக்கும் சிலிண்டர் ஓட்டைக்கும் நடுவே பிளாக்கில் விரிசல் விட்டிருந்தால் மட்டும் கணக்கு வேறு.

சேஸில் நம்பர் இருக்கிறது என்றேன் அல்லவா, ஆர்சி புத்தகத்தைப் பற்றி அடித்துச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நல்ல ஜீப்பை முழுப் பணமும் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், ஆர்சியில் 3 இருக்கும் இடத்தில் 8 வந்தது. மூன்று மாதம் அலைந்தேன். கடைசியில் அதைச் சாமான் சாமானாகப் பிரித்துத்தான் விற்க முடிந்தது. பாதிப் பணம்கூடத் தேறவில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அந்தப் பென்சில் அச்சை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜின் ஏற்றியிருந்தால் அது ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

2021-இல் மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் சேஸ், பாடி, இன்ஜின் மாற்றப்படாமல் அசலாக இருக்க வேண்டும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இப்படிச் சில தேவைகளுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் கடைவீதிக்கு ஓட்ட நினைப்பவருக்கு அது சரிவராது.

இனி விலை. விற்பவர் சொல்லும் தொகையிலிருந்து பேரத்தைத் தொடங்காதீர்கள். வேலை முடிந்து நிற்கும் வண்டி என்ன போகும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கழித்து வாருங்கள். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரிடம் 3பி ஒன்று இருந்தது. 2,75,000 கேட்டார். அந்த மாதிரி வண்டி வேலை முடிந்தால் எங்கள் பக்கம் 5,00,000 போகும் என்று வைத்துக்கொண்டேன். டிங்கரிங், பெயின்டிங் 1,10,000. இன்ஜின் 70,000. கியர் பாக்ஸ், ஆக்ஸில், இல்லாத முன் ஷாஃப்ட் எல்லாம் சேர்த்து 50,000. பிரேக், ஒயரிங், டயர், மேலே மூடும் துணி ஹுட் 80,000. மொத்தம் 3,10,000. பிரித்த பிறகுதான் தெரியும் செலவு என்று ஒன்று எப்போதும் உண்டு, அதற்கு 60,000. ஐந்து லட்சத்தில் 3,70,000 போக மீதி 1,30,000.

அந்தத் தொகையைச் சொன்னதும் பெரியவர் முகம் வாடிவிட்டது. அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. எனக்கும் சங்கடமாக இருந்தது. கணக்கு எழுதிய தாளை அவர் கையிலேயே கொடுத்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தவர், முன் ஷாஃப்ட் என்ற இடத்தில் விரலை வைத்து, "இது இருக்குதே" என்றார்.

ஷெட்டின் பரணில் ஏணி போட்டு ஏறினோம். அந்த ஷாஃப்டைக் கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, கயிறு கட்டி வைத்திருந்தார் அவருடைய அப்பா. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் அதன் போல்ட்டுகள், இன்னொரு சாக்கில் அசல் கார்புரேட்டர். ஷாஃப்டின் முனையில் இருக்கும் யூனிவர்சல் ஜாயின்டைக் கையால் திருப்பினேன், தடங்கலே இல்லாமல் சுழன்றது. அங்கேயே தாளை வாங்கி இரண்டு வரியில் தொகையைக் குறைத்துவிட்டு, 1,50,000 என்று எழுதிக் கொடுத்தேன். வண்டி இப்போது என் பட்டறையில் சேஸ் தனியாக, பாடி தனியாக நிற்கிறது.

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.