பத்து மணிக்கு மேல் அந்த வெள்ளை லைட் எதற்கு?

தலைவர் அவர்களே, வேலைகளுக்கிடையிலும் வந்திருக்கும் மாநகரசபை உறுப்பினர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த அதிபர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் விஞ்ஞான ஆசிரியை அவர்களே, வெள்ளவத்தைப் பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

அந்துப்பூச்சியை எங்கே தேடுவது, எப்படி இனங்காண்பது, எப்படி ரசிப்பது என்று மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்பார்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தேட வெகுதூரம் போக வேண்டாம். நம் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்று பெயர் வாங்கிய ஊர். மொட்டைமாடியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி லைட் போட்டாலே வரும், படம் எடுத்துவிட்டு உடனே அணைத்துவிடுங்கள். இனங்காண உணர்கொம்பைப் பாருங்கள்: வண்ணத்துப்பூச்சிக்கு நுனியில் குமிழ் இருக்கும், அந்துப்பூச்சிக்குப் பெரும்பாலும் நூல் மாதிரி, சிலதுக்குச் சீப்பு மாதிரி. பகலில் பறக்கும் அந்துப்பூச்சியும் உண்டு, நேரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

எங்கள் மாடிக்குடியிருப்பில் ஒரு நாள் காலை, பூசைக்கு நந்தியாவட்டை பறிக்கப் போன அன்ரி "தம்பி, பாம்பு!" என்று கத்திய கத்தலில் மூன்று மாடி இறங்கி வந்தது. வாட்சர் தும்புத்தடியோடு ஓடி வந்தார். பார்த்தால் விரல் தடிப்பில் ஒரு பச்சைப் புழு, தலையை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, கழுத்தடியில் இரண்டு நீலக் கண்ணை உருட்டிக் காட்டுகிறது. கண் இல்லை, வெறும் பொட்டு! "அடிக்காதீங்க அண்ணன்" என்று கெஞ்சி வாங்கி, சருகு போட்ட பெட்டியில் அதே இலையைக் கொடுத்து வளர்த்தோம். கூட்டுப்புழுவாகி, பிறகு ஒரு இரவு, பாசிப்பச்சையும் இளஞ்சிவப்பும் குழைத்த செட்டையோடு அரளிப் பருந்து அந்து வெளியே வந்தது. அன்ரிதான் முதலில் "என்ன வடிவு" என்றார். கண்டது கற்கப் பண்டிதன் ஆவான்! இப்போது அவர் இலைக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் பூப் பறிக்கிறார்.

ரசிப்பதற்கு வருகிறேன். அதற்கு முதலில் பூச்சி மிஞ்ச வேண்டுமே! இரவில் வானம்தான் வெளிச்சம் என்று நம்பி, முதுகை அந்தப் பக்கம் வைத்தே பல பூச்சிகள் பறக்கின்றன. பக்கத்தில் நாம் லைட் போட்டால் அதற்கு முதுகு காட்டியபடி விடிய விடியச் சுற்றுகின்றன. அட்லஸ் என்ற பெரிய அந்துப்பூச்சிக்கு வளர்ந்தபின் சாப்பிடக்கூடிய வாய் கிடையாது, புழுவாகத் தின்று சேர்த்ததை வைத்துச் சில நாள்தான் வாழும். அதற்குள் துணை தேடி முட்டையும் இட வேண்டும். அந்தச் சில நாளில் ஓரிரவை நம் வாகனத் தரிப்பிட லைட் பறிப்பது அநியாயம் இல்லையா?

ஆகவே உறுப்பினர் அவர்களிடமும் உங்களிடமும் கேட்பது: பத்து மணிக்கு மேல் தேவையில்லாத வெள்ளை லைட்டை அணைப்போம், பாதுகாப்புக்கு வேண்டிய இடத்தில் மங்கல் மஞ்சள் போட்டு, கீழ்நோக்கித் திருப்புவோம். குடியிருப்பு நிர்வாகக் குழுக்களுக்கான கடிதம் தமிழிலும் சிங்களத்திலும் வாசலடி மேசையில் இருக்கிறது, தேநீருக்குப் போகுமுன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.