நாயின் கண்ணுக்கு ஒரு சர்க்கரைச் சொட்டு

வணக்கம் நேயர்களே. கண் வறட்சிக்குச் சர்க்கரை கலந்த சொட்டு மருந்து இருக்கிறது என்று சொன்னால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அடுப்படி டப்பாவில் இருக்கும் சர்க்கரை கிடையாது. சர்க்கரைத் தண்ணீர், தேன், விளக்கெண்ணெய் எதையும் நாயின் கண்ணில் விடாதீர்கள், பிள்ளைகளின் கண்ணிலும் விடாதீர்கள். கிருமி நீக்காத எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது.

நான் சொல்வது டிரெஹலோஸ். இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த சர்க்கரை. காளானில் உண்டு, பூச்சிகளின் உடலில் உண்டு, ஈஸ்டிலும் உண்டு. நம் புதுச்சேரியில் ரொட்டி போடும் பேக்கரிகளுக்குத் தெரியும், உலர் ஈஸ்ட் வெறும் தூளாகத்தான் கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும் எழுந்து மாவை உப்ப வைத்துவிடும். காய்ந்தும் சாகாமல் அதைக் காப்பதில் இந்தச் சர்க்கரைக்குப் பெரிய பங்கு. தண்ணீர் வற்றிய இடத்தில் இது நின்று, செல்லின் சவ்வும் புரதமும் சிதையாமல் பார்த்துக்கொள்கிறது. கருவிழியின் செல்களையும் இப்படிக் காக்குமா என்று ஜப்பானில் சோதித்து, காக்கிறது என்று 2001-ல் வெளியிட்டார்கள். அப்புறம் எலிகளில் பார்த்தார்கள். இன்று ஐரோப்பாவில் மனிதர்களுக்கான 3 சதவீதச் சொட்டு மருந்தாகவே கடைகளில் கிடைக்கிறது.

ஒரு கால்நடை மருத்துவனாக எனக்கு முக்கியமாகப் படுவது எலிக்கும் நாய்க்கும் உள்ள வித்தியாசம். எலிக்குக் கண் வறட்சியை நாம்தான் உண்டாக்க வேண்டும். வறண்ட காற்று வீசும் கூண்டில் வைப்பார்கள், கண்ணீர் சுரப்பதை ஊசி போட்டு அடக்குவார்கள். நாய்க்கு அந்த நோய் தானாகவே வருகிறது. பக், ஷிட்சூ, காக்கர் ஸ்பேனியல் போன்ற இனங்களில் அதிகம் பார்க்கிறோம். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குவதுதான் பெரும்பாலும் காரணம். ஆகவே நலமான ஒரு பிராணியை நோயாளியாக்குவதைவிட, ஏற்கெனவே அவதிப்படும் நாய்களில், வளர்ப்பவரின் சம்மதத்தோடு, மருந்தைச் சோதிப்பதுதான் நியாயம் என்பேன். அதில் நாய்க்கும் பலன் உண்டு, மனிதருக்கும் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து அப்படி வந்ததுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கால்நடைக் கண் மருத்துவர் ரெனே காஸ்வான் 1980-களில் நாய்களின் வறண்ட கண்ணுக்கு அதைப் பயன்படுத்திப் பார்த்தார். 1995-ல் நாய்களுக்கு அனுமதி கிடைத்தது. மனிதருக்கான சொட்டு மருந்துக்கு 2002-ல்தான் அனுமதி கிடைத்தது.

மருந்து பலன் தருகிறதா என்று எப்படி அளந்து பார்ப்பது? வடிதாள் துண்டு ஒன்று, 5 மில்லிமீட்டர் அகலம். நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் செருகி, ஒரு நிமிடம் பிடித்திருக்க வேண்டும். கண்ணீர் தாளில் ஊறி ஏறும். நலமான நாய்க்கு 15 மில்லிமீட்டரைத் தாண்டும். நோய் முற்றிய கண்ணில் 5 கூட ஏறாது, செருகிய தாள் உலர்ந்தபடியே வெளியே வரும். அடுத்து ஃபுளோரசின் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், கருவிழியில் புண் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும்.

இங்கே ஒரு சிக்கல். வறண்ட கண்ணில் வெறும் உப்பு நீர் விட்டாலும் கொஞ்ச நேரம் இதமாகத்தான் இருக்கும். ஆகவே பாதி நாய்களுக்கு டிரெஹலோஸ் இல்லாத அதே சொட்டை, அதே மாதிரி பாட்டிலில் கொடுக்க வேண்டும். எது எதில் என்று வளர்ப்பவருக்கும் தெரியக்கூடாது, அளந்து பார்க்கும் மருத்துவருக்கும் தெரியக்கூடாது. இது இல்லாமல் 'என் நாய்க்குக் குணமாச்சு' என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்று. டிரெஹலோஸ் கண்ணின் மேற்பரப்பைக் காக்கும், அழிந்துகொண்டிருக்கும் சுரப்பியை மீட்காது. அதனால் சோதனை என்ற பெயரில் சைக்ளோஸ்போரினை நிறுத்திவிட்டு இதை மட்டும் விடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அதோடு சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

சரி, வீட்டில் என்ன கவனிப்பது? கெட்டியான பீளை தினமும் ஒட்டிக்கொண்டே இருக்கும், விழி பளபளப்பு இழந்து மங்கும், நாய் முன்னங்காலால் கண்ணைத் தேய்க்கும். மெட்ராஸ் ஐ என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விட்டுவிடுகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் பார்வையே போகலாம். மருத்துவரிடம் காட்டுங்கள், அந்தத் தாள் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து இரண்டே நிமிடம்தான் ஆகும்.