பரிசுகளுக்கு முன்பே வேரூன்றிய எழுத்து

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் என் பணிவான வணக்கம். மலேசிய ஆங்கிலப் புனைகதையை வளர்த்தவர்கள் உள்நாட்டில் இருந்து எழுதியவர்களா, வெளிநாட்டுப் பரிசுக் குழுக்களா என்பது இன்றைய வழக்கு. எதிரணி நண்பர், 2005-ஆம் ஆண்டுக்கான பிரிட்டனின் விட்பிரெட் முதல் நாவல் பரிசை மலேசிய எழுத்தாளர் டாஷ் ஆவ் பெற்றதையும், 2012-இல் இன்னொரு மலேசிய எழுத்தாளரான டான் ட்வான் எங் பிரிட்டனின் புக்கர் பரிசு இறுதிப் பட்டியலில் இடம்பெற்றதையும் எடுத்துக்காட்டி, வளர்ச்சி அங்கிருந்துதான் தொடங்கியது என்று வாதிட்டார். அந்த வெற்றிகளில் எனக்கும் பெருமை உண்டு. தொடக்கம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

1976-லேயே மலேசிய எழுத்தாளர் லாயிட் பெர்னாண்டோ, 1950-களின் சிங்கப்பூர்க் கலவரங்களுக்கிடையே தமிழர், மலாய்க்காரர், சீனர், யூரேசியர் என நான்கு மாணவர்களை நிறுத்தி, பழைய மலாய் வரலாற்று நூல்களின் பகுதிகளையும் இடையிடையே கோத்து, 'ஸ்கார்ப்பியன் ஆர்க்கிட்' நாவலைத் தந்துவிட்டார்.

1981-இல் கே. எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' வெளிவந்தது. கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்தவர் அவர். கடல் கடந்து வந்து, குடியிருக்கும் நிலத்துக்கு உரிமை கிடைக்காமலே இறந்துபோகும் பாட்டி பெரியதாய், மருத்துவமனையில் சலவைத் தொழில் செய்துகொண்டே சொந்த வீடு என்னும் ஏக்கத்தில் வெந்துபோகும் அவளுடைய மகன் கண்ணன், ஆங்கிலப் பள்ளியில் படித்து அந்த வீட்டிலிருந்தே அந்நியப்படும் பேரன் ரவி என்று மூன்று தலைமுறைகளின் வலியை அந்த நாவல் சொல்கிறது. இதை லண்டன் நடுவர்களை மனத்தில் வைத்து எழுதியதாக யாரால் சொல்ல முடியும்?

அந்தக் காலச் சூழலையும் அவை எண்ணிப் பார்க்க வேண்டும். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிப் பள்ளிகளாகிக்கொண்டிருந்தன. 1981-இல்தான் தேசிய இலக்கியவாதி விருதும் தொடங்கப்பட்டது. அது மலாய் எழுத்துக்கு மட்டுமே உரியது. தமிழிலும் சீனத்திலும் எழுதுவோரைப் போலவே ஆங்கிலத்தில் எழுதுவோரும் 'தேசிய இலக்கியம்' என்னும் வரையறைக்கு வெளியே நின்றார்கள். அரசின் அந்த அங்கீகாரம் இல்லாமலும், உள்நாட்டு வாசகர் பெருகுவார் என்ற உறுதி இல்லாமலும் எழுதினார்களே, அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் வளர்ச்சி என்கிறேன்.

பரிசும் பட்டியலும் தேடி வந்த நாவல்கள் எங்கே நடக்கின்றன? டாஷ் ஆவின் கதை கிந்தா பள்ளத்தாக்கில். டான் ட்வான் எங்கின் கதை கேமரன் மலையில். லண்டன் கண்டெடுத்தது இந்த மண்ணின் கதையைத்தான். நாவலாசிரியர் வெளிநாட்டில் வாழ்ந்தாலும் கதைக்கு இங்கேதான் வர வேண்டியிருக்கிறது. 1999-இல் கோலாலம்பூரில் தொடங்கிய சில்வர்ஃபிஷ் புக்ஸ் என்னும் புத்தகக் கடையும் பதிப்பகமுமான நிறுவனம், உள்ளூர் எழுத்தாளர்களின் ஆங்கிலச் சிறுகதைகளைத் தொகுத்து வெளியிட்டதும் விட்பிரெட் பரிசுக்கு முன்புதான்.

மணியம் 2020-இல் மறைந்தார். புக்கர் பட்டியலில் ஒருமுறைகூட இடம்பெறாத அவர், 1993-இலும் 2003-இலும் மேலும் இரு நாவல்கள் தந்தார். நடுவர் அவர்களே, பரிசுதான் வளர்த்தது என்போர், 1976-க்கும் 2005-க்கும் இடைப்பட்ட இந்த ஏறத்தாழ முப்பது ஆண்டு எழுத்தை வளர்த்தது எந்தப் பரிசு என்று இந்த அவையில் பதில் சொல்லட்டும்.