அயர்லாந்து ஊரைத் தேட அமெரிக்காவில் தொடங்குங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

அயர்லாந்திலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தோர் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பூட்டனின் சொந்த ஊர் எது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. "ஆவணமெல்லாம் டப்ளினில் எரிந்துபோச்சே" என்று சொல்லித் தேடலை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எரிந்தது உண்மைதான். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் அழிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் சில துண்டுகளே மிஞ்சின. ஆனால் 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அந்தத் தீ தொடவில்லை. அவற்றை அரசே அதற்கு முன்பு அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. நெருப்பைவிட இந்த அலட்சியம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளின், அதாவது ஒவ்வொரு கோயிலுக்கும் உட்பட்ட வட்டாரங்களின், ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளோ பெரும்பாலும் அந்தந்தக் கோயில்களிலேயே இருந்ததால் பிழைத்துக்கொண்டன. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போன பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

சரி, பதிவேடு இருக்கிறது. எந்தப் பங்கின் பதிவேட்டைத் திறப்பது? அயர்லாந்தில் டவுன்லேண்ட் எனப்படும் சின்னஞ்சிறு நிலப்பிரிவுகள் 60,000க்கும் மேல். அக்கால அமெரிக்கக் கப்பல் பட்டியல்களோ பெரும்பாலும் 'அயர்லாந்து' என்று எழுதி முடித்துவிடும். அதனால் எடுத்த எடுப்பில் கடல் தாண்டாதீர்கள். ஊர்ப் பெயர் கிடைக்க வேண்டுமானால், அவர்கள் போய் இறங்கிய நாட்டில்தான் முதலில் தேட வேண்டும்.

நியூயார்க்கில் 1850இல் ஐரிஷ் குடியேறிகளுக்காக எமிகிரன்ட் சேமிப்பு வங்கி தொடங்கியது. வாடிக்கையாளர் பலருக்கு எழுத்து தெரியாது. ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள். பணம் எடுக்க வருபவர் உரிய ஆள்தானா என்று எப்படி அறிவது? கணக்கு தொடங்கும்போதே கேள்வி கேட்டு எழுதி வைத்தார்கள். பிறந்த ஊர், வந்த கப்பல், அப்பா அம்மா பெயர், கூடப்பிறந்தவர்கள், யார் எங்கே இருக்கிறார்கள் என்றெல்லாம். வீட்டுவேலை செய்த பெண்ணும் மண் சுமந்த கூலியும் சொன்ன பதில்கள் அந்தப் பேரேடுகளில் இன்றும் இருக்கின்றன. ஏழைகளின் குடும்ப வரலாற்றை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லும் வங்கிக் கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாஸ்டனில் 'தி பைலட்' என்ற பத்திரிகை 1831 முதல் 1921 வரை, காணாமல்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. அண்ணனைத் தேடும் தங்கை, ரயில்பாதை வேலைக்குப் போன கணவனைத் தேடும் மனைவி. ஆளை அடையாளம் காட்ட வேண்டுமே என்று மாவட்டம், பங்கு, சில சமயம் டவுன்லேண்ட் வரைக்கும் சொன்னார்கள். அந்தப் பரிதவிப்புதான் இன்று நமக்குச் சான்று.

ஆனால் பெயர் பொருந்தியவுடன் துள்ளிக் குதிக்காதீர்கள். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைப் பதிவுசெய்யும் எல்லிஸ் தீவு நிலையம் திறந்தபோது முதலில் பதிவானவர் கார்க் மாவட்டத்து ஆனி மூர் என்ற இளம்பெண். அவர் டெக்சாஸ் போய்க் குடியேறினார் என்று பல பத்தாண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் ஆவணங்களைத் துருவியபோது, டெக்சாஸ் ஆனி மூர் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர் என்று தெரிந்தது. அவர் கப்பலேறி வரவேண்டிய தேவையே இல்லை. உண்மையான ஆனி நியூயார்க்கிலேயே வாழ்ந்து 1924இல் இறந்தவர் என்பது 2006இல் வெளிவந்தது. நாடே கொண்டாடிய ஒருவர் விஷயத்திலேயே இப்படி ஆள் மாறிப்போனது. நம் வீட்டு ஜான் மர்ஃபி எம்மாத்திரம்? பெயரோடு வயது, கூட வந்த தம்பி தங்கை, திருமணச் சாட்சி, ஞானப்பெற்றோர் என்று நாலைந்து பொருந்திய பிறகே நம்புங்கள்.

ஊர் தெரிந்ததும் வேலை எளிதாகும். 1847 முதல் 1864 வரை வரி விதிப்பதற்காக எடுத்த சொத்துக் கணக்கான கிரிஃபித் மதிப்பீட்டில் நிலத்தையோ வீட்டையோ வைத்திருந்தவர், அதை அவருக்குக் குத்தகைக்கு விட்டவர் என இருவர் பெயரும் உண்டு. குடும்பத்தார் பெயர்கள் இருக்காது. கத்தோலிக்கப் பதிவேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. லத்தீனில் எழுதியிருந்தால் ஜேம்ஸ், யாக்கோபுஸ் ஆகியிருப்பார். பயப்பட வேண்டாம், பழகிவிடும்.

கடைசியாக ஒன்று. எரிந்துபோன கணக்கெடுப்பைக் கொஞ்சம் மீட்கலாம்! 1909 ஜனவரியில் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. ஆனால் அயர்லாந்தில் எல்லோருக்குமான பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது. வயதை நிரூபிக்க வழியில்லாத முதியவர்கள், 1841, 1851 கணக்கெடுப்புகளில் தங்கள் வீட்டைத் தேடித் தரச் சொல்லி விண்ணப்பித்தார்கள். காப்பக ஊழியர்கள் மூலத்தைப் பார்த்துக் குறித்துக் கொடுத்தார்கள். சில படிவங்களில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என முழுக் குடும்பமே இருக்கிறது. மூலம் எரிந்தது, அந்தப் படிவங்கள் தப்பின.

அதனால் கப்பலேறிப் போனவரை மட்டும் தேடாதீர்கள். போகாமல் ஊரிலேயே தங்கிய தம்பியையும் தேடுங்கள். 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுதாக, இலவசமாகக் கிடைக்கின்றன. அவர் உயிரோடு இருந்தால் அவற்றில் இருப்பார். ஓய்வூதியத்துக்கு அவர் விண்ணப்பித்திருந்தால், அந்தப் படிவத்தில் 1851இல் ஒரே கூரையின்கீழ் இருந்த சிறு பிள்ளைகளின் வரிசையில் உங்கள் பூட்டனின் பெயரும் இருக்கக்கூடும்.