பாலத்துக்குக் கீழே ஒரு நேப்பிள்ஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், தொல்பொருள் அருங்காட்சியகத்தின் பக்கத்திலிருந்து காப்போதிமொந்தே குன்றை நோக்கி ஒரு சாலை வடக்கே ஏறுகிறது. அதில் பஸ்ஸில் போனால் ஓரிடத்தில் சாலை ஒரு பாலத்தின் மேல் போகும், இரு புறமும் கட்டடங்கள் சட்டென்று விலகும். மொட்டை மாடிகளும், துணி காயும் கொடிகளும், மஞ்சளும் பச்சையுமான ஓடுகள் பதித்த ஒரு தேவாலயக் கவிகையும் காலுக்குக் கீழே தெரியும். மறு நிமிடம் பஸ் கடந்துவிடும். நேப்பிள்ஸுக்கு முதல் முறை போனபோது நானும் அப்படித்தான் கடந்தேன். கீழே தெரிந்தது சானிதா என்ற பேட்டை என்றும், அங்கே போக வேண்டாம் என்றும் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன். இரண்டாம் முறை போனபோது தங்கியிருந்த வீட்டு அம்மையார், சானிதாவைப் பார்க்காமல் ஊர் திரும்பாதீர்கள், ஆனால் அந்தப் பேட்டைப் பிள்ளைகளோடு போங்கள் என்றார். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எங்களை அழைத்துப்போன பெண் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவர் கதையைத் தொடங்கியது புனிதர்களிடமிருந்து அல்ல, அந்தப் பாலத்திலிருந்து. ஒரு காலத்தில் நகரத்திலிருந்து குன்றின் மேலுள்ள அரண்மனைக்குப் போகிறவர்கள் சானிதா வழியாகத்தான் ஏறிப் போனார்களாம். நெப்போலியனின் அண்ணன் ஜோசப் நேப்பிள்ஸை ஆண்ட காலத்தில் மேலே பாலம் கட்டத் தொடங்கினார்கள். அவருக்குப் பின் அரியணை ஏறிய முராவின் காலத்தில் வேலை முடிந்தது. பாலத்தின் தூண்கள் கீழே இருந்த ஒரு மடாலயத்தின் முற்றத்தை அழித்துக்கொண்டு இறங்கின. அரசரின் வண்டி மேலே போயிற்று. கீழே இருந்த ஊர் வழியில் இல்லாத ஊராகிவிட்டது. பாலத்திலிருந்து இறங்க ஒரு மின்தூக்கி வந்ததே 1937இல்தான்.

அந்தப் பாலத்தின் மேல் கீழே இருப்பவர்களுக்குக் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் 1943 செப்டம்பர் இறுதியில் நகர மக்கள் ஜெர்மன் படையை எதிர்த்து எழுந்த நான்கு நாட்களில், பின்வாங்கிய படை இந்தப் பாலத்தைத் தகர்க்க முனைந்தது. அதைத் தடுத்துப் போரிட்டவர்களில் ஒருவர் 23 வயதுப் பெண், மத்தலேனா செரசுவோலோ. 2011இல் பாலத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். தங்களைத் தாண்டிப் போகக் கட்டிய பாலத்தைத் தாங்களே காப்பாற்றினோம் என்று வழிகாட்டி சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்தது.

பிறகு நிலத்தடிக்குப் போனோம். நேப்பிள்ஸ் மஞ்சள் நிற எரிமலைக் கல்லின் மேல் நிற்கிற நகரம். அந்தக் கல்லுக்குத் தூஃபோ என்று பெயர். வெட்ட எளிது, வெட்டிய பின் நிலைக்கும். சான் ஜென்னாரோ சுரங்கக் கல்லறை அந்தக் கல்லில் இரண்டு அடுக்காகக் குடையப்பட்டது. அதன் தொடக்கம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு. நகரின் காவல் புனிதரான ஜென்னாரோவின் உடல் 5ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரப்பட்டது. 831இல் பெனவெந்தோ இளவரசர் சிக்கோ அவருடைய எலும்புகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவை நேப்பிள்ஸுக்குத் திரும்பி வர 1497 ஆயிற்று. வழிகாட்டி இதைத் தன் வீட்டில் நடந்த திருட்டைப் போலச் சொன்னார்.

ஆனால் என் கால்கள் நின்றது வேறோர் இடத்தில். ஒரு குடும்பத்தின் சுவரோவியம் அது. தந்தை தெயோதெக்னோ, தாய் இலாரிதாஸ், நடுவில் மகள் நொன்னோசா. மகளின் வயது இரண்டு ஆண்டு பத்து மாதம் என்று எழுதியிருக்கிறது. முதலில் இறந்தது குழந்தை. ஓவியத்துக்கு அடியில் மூன்று சாந்துப் பூச்சுகள் இருக்கின்றன. ஒவ்வொரு சாவுக்கும் சுவரைப் புதிதாகப் பூசி வரைந்திருக்கிறார்கள். கடைசிப் பூச்சில்தான் மூவரும் ஒன்றாக நிற்கிறார்கள். வழிகாட்டி அங்கே அதிகம் பேசவில்லை. விளக்கைத் தாழ்த்திப் பிடித்தபடி பூச்சின் ஓரங்களைக் காட்டினார், அவ்வளவுதான். நானாக வந்திருந்தால் மங்கிப்போன ஒரு பழைய ஓவியம் என்று தாண்டியிருப்பேன்.

இந்தக் கல்லறையைத் திறந்து வைத்திருப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2006இல் சானிதாவின் இளைஞர்கள் சிலர், பங்குத்தந்தை அந்தோனியோ லொஃப்ரேதோவின் துணையோடு, லா பரான்சா என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். அப்போது இந்தக் கல்லறைகளைப் பார்க்க ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர் வந்தார்கள். பின்னால் அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. குன்றின் மேல்பக்கம் நுழைந்து அதே வழியில் வெளியேறுவது பழைய வழக்கம். அப்படி வந்தவர் சானிதாவில் கால் வைக்கவே வேண்டியதில்லை. இந்த இளைஞர்கள் செய்த பெரிய காரியம், என் கணிப்பில், கல்லறையின் கீழ்ப்பக்கத்துப் பழைய தேவாலயத்தின் வழியாகப் பேட்டைக்குள் இறங்கும் பாதையைத் திறந்ததுதான். மேலே நுழைகிறவர் இப்போது சானிதாவின் தெருவில் வெளியே வருகிறார். பசி எடுக்கிறது, கடைக்குப் போகிறார். எவ்வளவு எளிய யோசனை!

பாலத்திலிருந்து நான் பார்த்த கவிகை, சாந்தா மரியா தெல்லா சானிதா தேவாலயத்தினுடையது. அதன் அடியில் இன்னொரு கல்லறை, சான் கௌதியோசோ. வட ஆப்பிரிக்காவிலிருந்து துரத்தப்பட்டுக் கடல் வழியே வந்த ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பெயர் அது. 17ஆம் நூற்றாண்டில் தொமினிக்கன் துறவிகள் இங்கே செல்வர்களை அடக்கம் செய்த முறை விசித்திரமானது. பாறையில் குடைந்த இருக்கையில் உடலை உட்கார வைத்து, நீரெல்லாம் வடிய விடுவார்கள். பின் மண்டையோட்டைச் சுவரில் பதித்து, அதன் கீழே எலும்புக்கூட்டை ஓவியமாக வரைந்து, அவரவர் தகுதிக்கேற்ற உடையையும் தீட்டுவார்கள். வரைந்தவர் ஜியோவான்னி பால்துச்சி. கூலி வேண்டாம், என்னையும் இங்கே அடக்கம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டவர். 'நீ வடிந்து போக' என்ற பொருளில் 'புவொட்சே ஸ்குலா' என்று நேப்பிள்ஸில் இன்றும் சாபம் இடுவார்களாம். வழிகாட்டி அந்த வசவைத் தன் பாட்டியிடம் கேட்டிருக்கிறார். அது இந்த இருக்கையிலிருந்து பிறந்தது என்று வளர்ந்த பிறகுதான் தெரிந்ததாம்.

வெளியே வந்தபோது நண்பகல். வெர்ஜினி தெருவில் சந்தை முடிந்துகொண்டிருந்தது. பருந்துச் சிறகு போல இரு புறமும் விரிந்து ஏறும் படிக்கட்டு கொண்ட ஸ்பஞோலோ மாளிகையை, 1738இல் கட்டியது, தெருவாசிகள் கடந்துபோகும் நிழலாகவே வைத்திருக்கிறார்கள். இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் நேப்பிள்ஸில் நிறையப் பேர், பெரும்பாலும் சிங்களம் பேசுகிறவர்கள். அவர்களுடைய கடை ஒன்றில் தேங்காயையும் கறிவேப்பிலையையும் கண்டு சற்று நின்றேன்.

விடைபெறும் இடத்தில் நான்காம் மாடியிலிருந்து ஒரு மூதாட்டி வழிகாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கயிற்றில் ஒரு கூடை இறங்கி வந்தது. அந்தப் பெண் எதிர்க் கடைக்குப் போய் ரொட்டி வாங்கிக் கூடையில் வைத்து, கயிற்றை ஒரு முறை இழுத்துவிட்டார். கூடை மெதுவாக மேலே ஏறியது. அதற்கும் மேலே, பாலத்தில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது.

நன்றி, வணக்கம்.